நிரைக்குத் திரும்பாத விடை

எஸ்/2 டி2 6டி/7. பார்வைக்கு லாரியின் பின்பக்க எண்ணைப் போல இருக்கும் இது, பால்மர ஆராய்ச்சி தெரிந்தவருக்கு ஒரு முழு வாக்கியம். மரத்தின் சுற்றில் பாதிக்குச் சுருள்வெட்டு, இரண்டு நாளைக்கு ஒரு வெட்டு, ஏழு நாளில் ஆறு நாள் வேலை என்பது அதன் பொருள். 1940 வாக்கில் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் கெஸ்ட் என்பவர் இந்தக் குறியீட்டு முறைக்கு அடிபோட்டார். 1983இல் அதே கழகத்தின் லுக்மான் அதைத் திருத்தினார். 2009இல் இந்திய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் விஜயகுமாரும் பிற நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து மறுபடி சீர்செய்தார்கள். கோட்டயத்தில் எழுதியதை மலேசியாவின் கெர்லிங்கில் படிக்கலாம். ஐவரி கோஸ்ட்டில் கிடைத்த மகசூலைச் சிலாங்கூரில் கிடைத்ததோடு ஒப்பிடலாம். அரசாங்க ஆராய்ச்சி நிலையங்கள் தங்களுக்குள் அறிவைப் பகிர்ந்துகொண்டதற்கு இவ்வளவு சிக்கனமான சான்று வேறு கிடைப்பது அரிது. ஆனால் அந்த அரை வரிக்குள் வராதது ஒன்று உண்டு: வெட்டுகிற கை.

உளி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதை எடுத்துக்கொள்வோம். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கும் வளர்படலத்தை எட்ட ஒரு மில்லிமீட்டரோ ஒன்றரையோ மிச்சம் இருக்கும்போதே நின்றுவிட வேண்டும். பால்குழல்கள் அந்த உள்பட்டையில்தான் நெருக்கமாக இருக்கின்றன. மேலோட்டமாகச் சீவினால், பால் வடியும் கிண்ணமான மங்கில் பால் குறையும். மயிரிழை உள்ளே போனால் மரத்துக்குக் காயம். மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில ஆண்டு கழித்து அதே பக்கத்துக்குத் திரும்பி வரும்போது உளி ஓடாது. குழல்கள் நேர்குத்தாக நிற்காமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ வேண்டும். விடியுமுன், தனக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரைக்குள் போய்விட வேண்டும். வெயில் ஏற ஏற மரத்துக்குள் நீரழுத்தம் இறங்கி ஓட்டம் தளர்ந்துவிடும். இவ்வளவும் கையேடுகளில் இருக்கிறது. ஐந்நூறு மரமுள்ள ஒரு நிரையில் எந்த மரத்தின் பால் திடீரென்று நீர்த்துப்போய், மற்ற மரமெல்லாம் நின்ற பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கிறது என்பது கையேட்டில் இல்லை. பட்டை காயப்போகிறது என்பதற்கு அது முன்னறிகுறி. அதை முதலில் பார்ப்பவர் பால் வெட்டுகிறவர். ஆராய்ச்சிக் கூடத்துக்கு அந்தச் செய்தி எண்ணாக வந்து சேர்வது மரம் காய்ந்து கணக்கிலிருந்து கழிந்த பிறகுதான்.

அரசாங்க அறிவியல் நிறுவனத்தில் வேலை செய்பவர்களுக்காக எழுதப்படும் இந்நூலில், இந்த அத்தியாயம் ஒரே ஒரு விஷயத்தை வற்புறுத்த வருகிறது. நிரையிலிருந்து வாங்கிய செய்திக்கு விடை நிரைக்கே திரும்பிப் போக வேண்டும்; போகாவிட்டால் அடுத்த செய்தி வராது. அறிவைச் சேமிப்பது, கோப்பிடுவது, கணினியில் ஏற்றுவது, கருத்தரங்கு நடத்துவது எல்லாம் இதற்குப் பிறகு வருகிறவை. சொன்னதற்கு என்ன ஆயிற்று என்று ஒரு முறையாவது தெரிந்துகொண்டவர் மறுபடியும் சொல்வார். மூன்று முறை சொல்லியும் ஒன்றும் தெரியாமல் போனவர், நான்காம் முறை மரத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதற்கு ஆதாரம் வெளியே தேட வேண்டியதில்லை. மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் சட்டத்தின் வழி அமைந்தது. ஏற்றுமதியாகும் ரப்பரின் மீது விதித்த வரியில் அது நடந்தது. ஆட்சிக் குழுவில் தோட்டத் துரைமாரின் பிரதிநிதிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் போட்டியாக இருந்த கம்பெனிகள், எந்த ரக மரம் எத்தனையாவது ஆண்டில் எத்தனை பவுண்டு கொடுத்தது என்ற கணக்கைக் கழகத்துக்குக் கொடுத்தன. வியாபாரிகள் கணக்கை ஊருக்குச் சொல்வது அபூர்வம். இவர்கள் ஏன் சொன்னார்கள்? கொடுத்த கணக்கு எல்லாருடைய கணக்கோடும் சேர்ந்து, நடவுப் பரிந்துரையாகத் தங்கள் மேசைக்கே திரும்பி வந்தது. கழகம் வெளியிட்ட தோட்டக்காரர் இதழைப் பிரித்தால், தன் தோட்டத்து மரம் அடுத்த மாநிலத்தில் எப்படி நிற்கிறது என்று தெரியும். கொடுத்தவர் பெற்றார், அதனால் மறுபடி கொடுத்தார். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற புகழ்பெற்ற ரகம் பிறந்த கதையும் இதுதான். அதன் ஒரு பெற்றோர் ஜாவாவிலிருந்து வந்த ஜிர் 1. மற்றொன்று பிராங் பெசார் தோட்டத்தில் தேர்ந்தெடுத்த பி.பி. 86. அந்தத் தோட்டம் இருந்த மண்ணில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. அமைச்சுகளின் கீழே பால்மர வேர் கிடக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. தனியார் தோட்டத்து மரமும் அயல்நாட்டு மரமும் அரசாங்கக் கழகத்தின் கையில் கலந்து, அந்தக் கலப்பு தாய்லாந்தின் ரப்பர் காடுகளை நிரப்பியது.

இந்த நல்ல பாதை எங்கே முடிந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது துரையின் மேசையில் முடிந்தது. இதழ் ஆங்கிலத்தில் வந்தது. அங்கிருந்து கணக்கெழுதும் கிராணி, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வழியாக இறங்கியபோது ஆராய்ச்சியின் முடிவு கட்டளையாகிவிட்டது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், இன்றுமுதல் இந்த வெட்டை இப்படி வெட்டு என்று கேட்டவருக்கு, ஏன் என்பது சொல்லப்படவில்லை. காரணம் தெரியாத கட்டளையை மனிதர் செய்வார்கள். அதில் ஏதாவது பிசகினால் திரும்பி வந்து சொல்ல மாட்டார்கள். கெர்லிங்கிலிருந்து கோலசிலாங்கூர் வரை தமிழர் கையால் வெட்டப்பட்ட எத்தனையோ நிரைகளில் அறுபது எழுபது ஆண்டு சேர்ந்த கவனிப்பு எழுத்துக்கு வராமல் போனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தொழிலாளிக்கு எழுத வராது என்ற சமாதானம் செல்லாது. அவரிடம் கேட்டு எழுத ஆள் இருந்தது. கேட்க வேண்டும் என்ற எண்ணம் இல்லை.

விடை மங்கு வரைக்கும் போனால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ரப்பர் ஷீட்டின் தரத்தை முன்பு கண்ணால்தான் பார்த்தார்கள்: வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நிறம், குமிழி, கறை. அறிவு முழுவதும் தரம் பிரிப்பவரின் கண்ணில் இருந்தது. 1965இல் எஸ்.எம்.ஆர். என்ற மலேசியத் தர முறை வந்து, அழுக்கு எத்தனை விழுக்காடு, சாம்பல் எத்தனை என்று அளந்து சொல்லத் தொடங்கியது. இந்த மாற்றத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் பி.சி. சேகர். 1966இல் கழகத்தின் முதல் ஆசிய இயக்குநரானவர். எஸ்.எம்.ஆர். 5, 10, 20 என்ற பெயர்களில் இருக்கும் எண் அழுக்கைக் குறிப்பது. அந்த அழுக்கு எங்கிருந்து வருகிறது? மங்கில் விழுந்த பட்டைச் சீவல், காய்ந்த இலை, தரையில் போட்ட ஒட்டுப்பாலில் ஒட்டிய மண். எண்ணைக் குறைக்க வேண்டுமானால் ஃபேக்டரியில் கழுவினால் மட்டும் போதாது, மரத்தடியில் மங்கைத் துடைக்க வேண்டும். ஏன் துடைக்கச் சொல்கிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம் என்பதால் இங்கே விடை நிரை வரைக்கும் போக முடிந்தது. எல்லா ஆராய்ச்சிக்கும் இப்படி ஒரு வாக்கியம் அமைவதில்லை. அமைக்க முயல்வது ஆராய்ச்சியாளரின் வேலையில் சேரும் என்பதே என் கட்சி.

எதிர்த்திசையில், களத்தில் கண்டது ஆராய்ச்சிக்கு வந்து சேராமல், ஒரு பெரிய தவறும் இந்த மண்ணில் நடந்திருக்கிறது. மலேசியாவில் வணிக நோக்கோடு முதன்முதலில் செம்பனை நடப்பட்டது 1917இல், கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிற்காலத்தில் நாவல் எழுதிப் பரிசு வாங்கியவர். ஆப்பிரிக்காவில் பிறந்த அந்த மரம் இங்கே நன்றாக வளர்ந்தது. இளமரங்களில் குலை மட்டும் சரியாகக் கட்டவில்லை. செம்பனைப் பூவில் மகரந்தம் காற்றால் சேர்கிறது என்று பாடநூல்கள் சொல்லின. காற்று போதவில்லை போலும் என்று முடிவு செய்து, டால்க் தூளில் மகரந்தத்தைக் கலந்து ஒவ்வொரு பெண்பூவுக்கும் ஊதிவிட ஆள் வைத்தார்கள். மரம் மரமாக, பூ பூவாக, நாள்தோறும் அந்த வேலை நடந்தது. கேமரூனில் வேலை பார்த்த யூனிலீவர் நிர்வாகி லெஸ்லி டேவிட்சன், அங்கே ஆண்பூவைச் சுற்றிக் கூன்வண்டுகள் மொய்ப்பதையும் யாரும் ஊதாமலே குலை கட்டுவதையும் பார்த்திருந்தார். பாடநூலை நம்பாமல் ஆராயச் சொன்னார். காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிலையத்தின் ரஹ்மான் சையத் எழுபதுகளின் பிற்பகுதியில் கேமரூனில் ஆராய்ந்து, வேலை செய்வது வண்டுதான் என்று நிறுவினார். வேளாண் துறையின் தனிமைச் சோதனைகளுக்குப் பிறகு, 1981 பிப்ரவரியில் ஜொகூரின் குளுவாங்கில் வண்டுகள் விடப்பட்டன. ஊதும் வேலை அதோடு ஓய்ந்தது. 1917க்கும் 1981க்கும் நடுவே 64 ஆண்டுகள். கேமரூனில் செம்பனைக்கு நடுவில் வாழ்ந்தவர்கள் வண்டை நாள்தோறும் பார்த்தவர்கள்தாம். அந்தக் காட்சி நூலகத்தின் வழியாக இங்கே வரவில்லை. இரண்டு நாட்டுத் தோட்டத்தையும் தெரிந்த ஒருவரின் சந்தேகத்தில் ஏறி வந்தது. உங்கள் நிறுவனத்தில் இடமாற்றம் பெற்று வருகிறவரை முதல் மாதத்திலேயே உட்காரவைத்து, அங்கே பார்த்தவற்றில் இங்கே பொருந்தாதது எது என்று கேளுங்கள். அவர் புது இடத்துக்குப் பழகிவிட்ட பிறகு கேட்டால் சந்தேகம் ஆறிப்போயிருக்கும்.

முற்றாத முடிவைத் தோட்டத்துக்குச் சொன்னால் கேடு விளையாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒரு ரகத்தை நம்பி நூறு ஏக்கர் நட்டவன், ஏழு ஆண்டு கழித்துப் பால் இல்லை என்று கண்டால் ஆராய்ச்சிக்காரர் பொறுப்பேற்பாரா? ஆனால் இந்தக் கேள்விக்கு ரப்பர்க் கழகம் பல காலத்துக்கு முன்பே விடை கண்டிருக்கிறது. நடவுப் பரிந்துரையில் ரகங்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்தது. முதல் வகுப்பு ரகத்தைத் தாராளமாக நடலாம். இரண்டாம் வகுப்பை அளவோடு நடலாம். மூன்றாம் வகுப்பைச் சோதனைக்குச் சிறு துண்டில் மட்டும் நடலாம். எழுபதுகளில், காற்று அடிக்கும் இடம், இலைநோய் வரும் இடம் என்று நிலத்தைப் பிரித்து, இந்த ரகம் இங்கே, அது அங்கே என்றும் சொன்னது. முடிவோடு சேர்த்து, அந்த முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் அனுப்பிய முறை இது. மூன்றாம் வகுப்பை நட்டவர் தாம் சோதனையில் பங்காளி என்று தெரிந்தே நட்டார். அவர் நிலத்துக் கணக்கு அடுத்த பரிந்துரையில் ஏறியது. அரைகுறை அறிவை மறைத்து வைப்பதைவிட, அரைகுறை என்று முகத்தில் எழுதி அனுப்புவது மேல்.

நேரமில்லை என்பது அடுத்த தடை. அதிகாரிக்குப் பதவி உயர்வு கட்டுரையைப் பொறுத்தது. தோட்டத்துக்கு எழுதும் ஒரு பக்கக் குறிப்பை யார் எண்ணுகிறார்கள்? உண்மைதான், எண்ணுவதில்லை, எண்ண வேண்டும் என்று மேலிடத்துக்குச் சொல்ல வேண்டியதும் உண்மை. ஆனால் கட்டுரையும் நிரையும் எதிரிகள் என்று நினைப்பது தவறு. மலேசிய செம்பனை வாரியத்தின் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி, ராஜிந்தர் சிங் முதலியோர் 2013இல் நேச்சர் இதழில் செம்பனையின் மரபணுத் தொகுதியையும், கொட்டை ஓட்டின் தடிப்பைத் தீர்மானிக்கும் மரபணுவையும் வெளியிட்டார்கள். உலகம் பார்த்த கட்டுரைதான். நாற்றங்காலில் அதன் பொருள் வேறு: தடித்த ஓட்டு டூராவா, எண்ணெய் மிகுந்த டெனெராவா என்று தெரிந்துகொள்ள மரம் காய்க்கும் வரை மூன்று நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டாம், கன்றின் இலையிலேயே சோதிக்கலாம். டூராவும் ஓடில்லாத பிசிஃபெராவும் சேர்ந்தால் டெனெரா என்பது 1941இலேயே பெல்ஜியக் காங்கோவில் பெர்னார், வான்டர்வேயன் இருவரும் கண்டதுதான். அந்தச் செய்தி மலாயாவின் தோட்டங்களில் பொது வழக்கமாக மாறப் பதினைந்து இருபது ஆண்டு பிடித்தது. போரைக் காரணம் சொல்லலாம். போர் 1945இல் முடிந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த ஒரு பக்கக் குறிப்பு எப்படி இருக்க வேண்டும்? தலையில் கேள்வி இருக்கட்டும், கேட்டவர் யார், எந்தத் தோட்டத்து எந்த நிரை என்பதோடு. அடுத்து செய்தது என்ன, கிடைத்தது என்ன. பிறகு, பலரும் விட்டுவிடுகிற பகுதி: எது பலிக்கவில்லை, எதை மறுபடி செய்ய வேண்டாம். தோற்ற சோதனைக்குக் கட்டுரை வராது. குறிப்பும் எழுதாவிட்டால் பத்து ஆண்டு கழித்து இன்னொருவர் அதே மருந்தை அதே மரத்தில் தடவிப் பார்த்து அதே இடத்தில் தோற்பார். மக்கள் பணம் இப்படிச் செலவாவது எந்தத் தணிக்கையிலும் அகப்படாது. கடைசியில் இரண்டு மூன்று வாக்கியம், வேலை செய்கிறவருக்குப் புரியும் மொழியில். அதை அஞ்சலில் அனுப்பிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்ளக் கூடாது. மரத்தடிக்குப் போய் வாயால் சொல்லி, கேட்டவர் சொல்லும் மறுமொழியை அதே தாளின் பின்பக்கத்தில் எழுதி வாருங்கள். பின்பக்கம் எழுதாத குறிப்பு பாதிக் குறிப்பு.

எல்லாவற்றையும் கணினியில் போட்டுவிட்டால் போயிற்று என்பவர்களுக்கு மரங்களைக் காட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் ஆவணம் என்பது பாதி தாள், பாதி உயிர். தென்கிழக்காசியச் செம்பனைத் தோட்டங்கள் 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்தில் நட்ட நான்கே கன்றுகளின் வழித்தோன்றலை நம்பி வளர்ந்தவை. அந்தக் குறுகலை அகலமாக்க 1973இல் ராஜநாயுடு முதலிய அரசாங்க ஆய்வாளர்கள் நைஜீரியாவில் 45 இடங்களில் குலை சேகரித்தார்கள். அவற்றின் வாரிசுகள் குளுவாங்கில் நிற்கின்றன. குட்டையாக வளரும் மரம், எண்ணெய் இளகிய மரம் என்று பல ரகங்கள் அதிலிருந்து வந்தன. 1981இல் பன்னாட்டு ரப்பர் ஆராய்ச்சி அமைப்பு பிரேசிலின் அமேசான் காடுகளில் சேகரித்த விதைகளில் ஒரு பங்கு மலேசியாவுக்கு வந்தது. இப்படி வந்த மரத்தின் மதிப்பு அதன் கழுத்தில் தொங்கும் தகட்டில் இருக்கிறது. எந்த ஆற்றங்கரை, எந்தத் தாய்மரம் என்பது அழிந்துவிட்டால் அது இன்னொரு மரம், அவ்வளவுதான். தகட்டை அணில் கடிக்கும், துரு தின்னும், மரம் பருத்துக் கம்பியை விழுங்கும். கணினிப் பட்டியலில் வரிசை சரியாக இருந்தாலும், நிலத்தில் பதினேழாவது மரம் புயலில் விழுந்து பதினெட்டாவதை யாரோ பதினேழு என்று எண்ணத் தொடங்கினால், அதற்குப் பிந்திய எல்லாக் கணக்கும் ஒரு மரம் தள்ளிப் போகும். அதைக் கண்டுபிடிப்பவர் அந்த வரிசையில் நடக்கிறவர். நிலமும் நிரந்தரமில்லை. சுங்கை பூலோவில் ரப்பர்க் கழகத்தின் சோதனை நிலையம் இருந்த 2,330 ஏக்கர் இன்று குவாசா டாமன்சாரா நகரம், அங்கே எம்.ஆர்.டி. ரயில் நிற்கிறது. நகரம் வேண்டாம் என்று சொல்வது இந்நூலின் வேலையில்லை. நிலம் கைமாறும் என்று தெரிந்த நாளிலிருந்து மரத்தையும் தாளையும் ஆளையும் ஒன்றாக நகர்த்தத் திட்டம் வேண்டும், அவ்வளவுதான் நான் சொல்வது.

நிரையே மாறிவிட்டதே என்பது இந்த வட்டாரத்திலிருந்து வரும் வலுவான மறுப்பு. வட சிலாங்கூரில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை நின்ற சில இடங்களில் வீடு வந்தது. கெர்லிங்குக்குப் பக்கத்தில் லெம்பா பெரிங்கினில் வீடு வந்தும் ஆள் வராத கதையும் உண்டு. லயத்துத் தமிழர் பட்டணம் போய்விட்டார்கள். குலை வெட்டுகிறவர் லொம்போக்கிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் வருகிறார். அவருக்கு விடை சொல்லி என்ன பயன்? அவர் குறுகிய காலம் இருப்பதுதான் விரைவாகச் சொல்வதற்குக் காரணம். பழைய வெட்டுத் தொழிலாளி எழுதாவிட்டாலும் மகளுக்கும் மருமகனுக்கும் அதே நிரையில் காட்டிக்கொடுத்தார். அந்தக் கைமாற்று இன்று அறுந்துவிட்டது. இன்னொரு பக்கம், மலேசிய ரப்பரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இன்று சிறுதோட்டக்காரர் நிலத்திலிருந்து வருகிறது. அங்கே துரை இல்லை, கிராணி இல்லை, பெரட்டு இல்லை. தோட்டத்தை மனத்தில் வைத்து அமைத்த பழைய பாதை அவர் வாசலுக்குப் போகாது. 1973இல் ரப்பர்ச் சிறுதோட்டக்காரர் மேம்பாட்டு அமைப்பான ரிஸ்டா அமைந்ததும், செம்பனை வாரியம் துனாஸ் என்ற ஆலோசனை அதிகாரிகளை ஊருக்கு ஊர் வைத்திருப்பதும் இதற்காகத்தான். அந்த அதிகாரி ஒரு நாளில் சந்திக்கும் பத்துப் பேரின் கேள்வி ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போய் விடையோடு திரும்புகிறதா என்பதை வைத்து உங்கள் நிறுவனத்தை அளந்து பாருங்கள். எத்தனை கையேடு விநியோகித்தார் என்ற கணக்கு அச்சகத்துக்குத்தான் உதவும்.

கடைசியாக ஒரு காலக் கணக்கு. செம்பனைக்கு ஆயுள் 25 ஆண்டு, பால்மரத்துக்கு 25 முதல் 30. அரசாங்க ஊழியர் 60 வயதில் ஓய்வு பெறுகிறார். முப்பது வயதில் ஒருவர் நட்ட சோதனைத் தோட்டம் முடியும்போது அவரும் பெட்டி கட்டுகிறார். மரமும் நட்டவரும் ஏறக்குறைய ஒரே ஆண்டில் வெளியேறும் துறை இது. விடைபெறும் விருந்துக்கு முந்தின வாரம் பேட்டி எடுத்து வைப்பதில் பயன் குறைவு. நாற்காலியில் உட்கார்ந்தால் மனிதருக்குப் பொதுவானவைதான் நினைவுக்கு வரும். சோதனைத் தோட்டத்து மரங்களை வெட்டிச் சாய்ப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பே, அடுத்து வரப்போகிறவரையும், அந்த நிலத்தில் அதிகக் காலம் வேலை செய்த தொழிலாளி ஒருவரையும் கூட்டிக்கொண்டு, மூவருமாக முதல் வரிசையின் முதல் மரத்திலிருந்து நடக்கத் தொடங்குங்கள். தகட்டைப் படியுங்கள், தகடு இல்லாத மரத்தடியில் நின்று இருவரையும் கேளுங்கள். அவர்கள் சொல்வது ஒன்றுக்கொன்று முரண்பட்டால் இரண்டையும் எழுதிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போங்கள். ஒரு நாளில் இரண்டு வரிசைக்கு மேல் முடியாது. மழை வந்தால் அதுவும் முடியாது.